அந்த 26 இடம் இருக்கிறதா, இல்லையா?

தராசு எழுதியது:

போன வாரம் கல்வி பற்றிய திரியில் பேனாக்காரன் போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார். அவர் வார்த்தையிலேயே தருகிறேன்: "இன்னும் முப்பது வருடத்தில் எந்த நாட்டின் தேசிய அரசியலிலும் மதத்துக்கு வேலை இருக்காது. ஐரோப்பாவைப் பாருங்கள், அங்கே ஒரு நாடாளுமன்றத்திலும் மதகுருவுக்கென்று இடம் கிடையாது. மற்ற நாடுகளும் மெல்ல அங்கேதான் வந்து சேரும்."

பதினேழு பேர் இதற்கு விருப்பம் போட்டிருக்கிறார்கள். ஒருவராவது சரிபார்த்தாரா? இரண்டு நாளாக இது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் தனித் திரி.

பிரிட்டன் ஐரோப்பாவில்தான் இருக்கிறது. அதன் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் இங்கிலாந்துத் திருச்சபையின் பிஷப்புகள் 26 பேருக்கு இடம் உண்டு. யாரும் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள் இல்லை. கேன்டர்பரி, யார்க் தலைமை பிஷப்புகள் இருவர், லண்டன், டர்ஹாம், வின்செஸ்டர் பிஷப்புகள் மூவர், ஆக ஐந்து பேருக்குப் பதவியோடு சேர்ந்தே இடம் வந்துவிடும். மீதி 21 பேர் பெரும்பாலும் பணிமூப்புப்படி உள்ளே வருவார்கள். 1847லிருந்து இந்த எண்ணிக்கை மாறவில்லை.

இதன் பக்கத்தில் இன்னொரு கணக்கை வையுங்கள். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்துத் தங்களைக் கிறிஸ்தவர் என்று பதிந்தவர்கள் 46.2 சதவீதம். பாதிக்கும் கீழே போய்விட்டது. மதமில்லை என்றவர்கள் 37.2 சதவீதம். நம்புகிறவர்கள் குறைந்தார்கள், நாற்காலி ஒன்றுகூடக் குறையவில்லை. தலையை எண்ணி மதத்தின் அரசியல் பலத்தை அளக்கிறவர்கள் சறுக்குவது இங்கேதான். பலம் அமைப்பில் இருக்கிறது, சட்டத்தில் இருக்கிறது, கூட்டணிக் கணக்கில் இருக்கிறது. முப்பது வருடத்தில் அது எங்கும் போய்விடாது.

பேனாக்காரன் நேரடியாகப் பதில் சொல்லட்டும். அந்த 26 இடம் இருக்கிறதா, இல்லையா?

பேனாக்காரன் எழுதியது:

நான் எழுதியது பத்து வரி. அதில் ஒரு வரியைப் பிய்த்து எடுத்துத் தனித் திரியே போட்டுவிட்டீர்கள். நல்லது.

இடம் என்று நான் சொன்னது அதிகாரம் உள்ள இடத்தை. பிரபுக்கள் சபை தேர்தலே இல்லாத சபை. 1911, 1949 சட்டங்களுக்குப் பிறகு ஒரு மசோதாவை அவர்களால் ஏறக்குறைய ஒரு வருடம் தள்ளிப்போட முடியும், அவ்வளவுதான். கொல்ல முடியாது. உங்கள் பிஷப்புகள் என்ன சாதித்தார்கள் என்று பாருங்கள். 2022இல் அடைக்கலம் கேட்டு வருகிறவர்களை ருவாண்டாவுக்கு அனுப்பும் திட்டத்தை எதிர்த்து, அன்று சபையில் இருந்த 25 பிஷப்புகளும் சேர்ந்து பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்கள். ஒருவர் பாக்கியில்லை. அரசாங்கம் அசைந்ததா? 2024 ஏப்ரலில் அதற்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது. பிறகு அந்தத் திட்டம் செத்தது உண்மை. அதைக் கொன்றது ஆட்சி மாற்றம். மக்கள் போட்ட ஓட்டு. பிஷப்பின் கடிதம் இல்லை.

அலமாரியில் வைத்திருக்கும் பழைய வாளைக் காட்டி "பார், போர் நடக்கிறது" என்கிறீர்கள்.

குறிஞ்சி எழுதியது:

பிரிட்டனை விடுங்கள், பக்கத்தில் அயர்லாந்து இருக்கிறதே. பேனாக்காரன் சொல்வதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

அந்த நாட்டின் அரசமைப்புச் சட்டத்திலேயே கத்தோலிக்கத் திருச்சபைக்குத் தனி இடம் என்று எழுதியிருந்தது. 1972இல்தான் அந்த வரியை நீக்கினார்கள். விவாகரத்துக்குத் தடை இருந்தது. 1995இல் அதை நீக்க வாக்கெடுப்பு நடந்தபோது சுமார் 9,000 ஓட்டு வித்தியாசத்தில்தான் தப்பித்தார்கள். நாடு முழுவதற்கும் சேர்த்து 9,000! அதே நாட்டில் 2015இல் ஒருபால் திருமணத்துக்கு 62 சதவீதம் ஆதரவு. 2018இல் கருக்கலைப்புத் தடையை நீக்க 66 சதவீதம். இருபத்து மூன்று வருடத்தில் நடந்தது இது. பேனாக்காரன் முப்பது வருடம் கேட்டால் தராசு கோபப்படுகிறார்.

இன்னொன்றையும் சொல்கிறேன். 2018 வாக்கெடுப்புக்காக வெளிநாடுகளில் வேலை பார்த்தவர்கள் சொந்தச் செலவில் விமானம் ஏறி ஊருக்கு வந்தார்கள். விமான நிலைய வாசலில் பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தவர்களைக் கட்டிப்பிடித்து அழுத பெண்களின் படங்களை நான் மறக்கவே மாட்டேன். அந்தக் கண்ணீருக்குப் பின்னால் எத்தனை வருடத்து ரணம் இருக்கிறது என்று 26 நாற்காலியை எண்ணுகிறவர்களுக்குத் தெரியாது.

நடுநிசி எழுதியது:

ஒரு சின்ன வேண்டுகோள். மதம் என்று எதைச் சொல்கிறோம்? மனதில் இருக்கும் நம்பிக்கையையா, திருச்சபை, மடம் போன்ற நிறுவனத்தையா, "நாங்கள் இந்தக் கூட்டம்" என்கிற அடையாளத்தையா? மூன்றும் வேறு வேறு வேகத்தில் நகர்கின்றன. செல்வாக்கு என்றால் ஓட்டா, சட்டமா, பதவியா? இதை முதலில் பேசித் தீர்த்துக்கொண்டால் பாதிச் சண்டை குறையும்.

தராசு எழுதியது:

@பேனாக்காரன், "இடம் கிடையாது" என்று எழுதினீர்கள். இப்போது "அதிகாரம் உள்ள இடம்" என்கிறீர்கள். கம்பத்தைப் பிடுங்கி நகர்த்தி நடுகிறீர்கள். சரி, நகர்த்திய இடத்துக்கே வருகிறேன்.

2012 ஜனவரி. அரசு உதவித்தொகைக்கு ஆண்டுக்கு 26,000 பவுண்டு என்று உச்சவரம்பு வைக்கும் மசோதா. குழந்தைகளுக்கான உதவியை அந்த வரம்பில் சேர்க்கக் கூடாது என்று திருத்தம் கொண்டுவந்தவர் ரிப்பன் அண்ட் லீட்ஸ் பிஷப். வாக்கு 252க்கு 237. அரசாங்கம் தோற்றது. 15 ஓட்டில் தோற்றது! அலமாரியில் இருக்கும் வாள் என்றீர்களே, அது அன்றைக்கு உறையைவிட்டு வெளியே வந்து அரசாங்கத்தை வெட்டியது.

அந்தச் சபையின் ஒளிபரப்பைக் கொஞ்ச நேரம் பாருங்கள். சிவப்புத் தோல் இருக்கைகள். வெள்ளைக் கை வைத்த அங்கியோடு ஒரு பிஷப் எழுந்து நிற்பார். அவர் பேசும்போது அமைச்சர் தலையைக் குனிந்து குறிப்பு எடுத்துக்கொண்டிருப்பார். அந்தக் குறிப்பு எதற்கு? வேடிக்கைக்கா? ஒரு நாட்டின் சட்டம் இயற்றும் அறையில் ஒரே ஒரு திருச்சபைக்கு மட்டும் பேச்சுரிமையும் ஓட்டுரிமையும் கொடுத்து வைத்திருப்பது அதிகாரம் இல்லையென்றால் வேறு எது அதிகாரம்?

அயர்லாந்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் 26க்கு முடிவு.

இடிமுழக்கம் எழுதியது:

வாங்க தராசு சார். பாதிக் கதையைச் சொல்லிவிட்டு மீதியை மடித்து வைத்துக்கொள்வது உங்கள் பழைய பழக்கம்.

2012இல் அந்தத் திருத்தம் என்ன ஆனது? மக்களவை அடுத்த மாதமே தூக்கி எறிந்தது. வரம்பு அப்படியே சட்டமானது. உங்கள் வாள் வெட்டிய காயம் பத்து நாள் தாங்கவில்லை.

போன வருடம் வேல்ஸ் திருச்சபை அரசிலிருந்து பிரிந்தது பற்றிப் பேசியபோதும் இப்படித்தான். நான் 1914 என்றேன். நீங்கள் 1920 என்று சொல்லி எல்லார் முன்னாலும் "படித்துவிட்டு வாருங்கள்" என்றீர்கள். சட்டம் நிறைவேறியது 1914. போரால் தள்ளிப்போய் நடைமுறைக்கு வந்தது 1920. நான் சொன்னதும் சரிதான். இன்றுவரை நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. நான் மறக்கவும் இல்லை.

தராசு எழுதியது:

வேல்ஸ் திருச்சபை 1920 மார்ச் 31 வரை அரசுத் திருச்சபைதான். காகிதத்தில் இருப்பது வேறு, நடப்பது வேறு. அன்றைக்குச் சொன்னதையே இன்றைக்கும் சொல்கிறேன்.

இடிமுழக்கம் எழுதியது:

ஆகா! காகிதத்தில் இருப்பது வேறு, நடப்பது வேறு. இதைத்தானே பேனாக்காரன் உங்கள் 26 இடத்தைப் பற்றிச் சொல்கிறார்? உங்கள் வாயாலேயே வந்துவிட்டது.

பழைய வாசகர் எழுதியது:

தம்பிகளா, கொஞ்சம் நிதானம். முதலில் சொல்லைச் சரியாகப் பயன்படுத்துங்கள். தராசு "பிஷப்" என்றும் "தலைமை பிஷப்" என்றும் எழுதுகிறார். தமிழில் ஆயர், பேராயர் என்று அழகான சொற்கள் இருக்கின்றன.

இரண்டாவது, மதம் அரசியலைவிட்டுப் போய்விடும் என்பது புதுப் பேச்சு இல்லை. பீட்டர் பெர்கர் என்ற பெரிய சமூகவியலாளர் 1968இல் இதையேதான் சொன்னார். இருபத்தொன்றாம் நூற்றாண்டில் மத நம்பிக்கையாளர்கள் சிறுசிறு குழுக்களாக ஒடுங்கிவிடுவார்கள் என்றார். பதினொரு வருடத்தில் ஈரானில் புரட்சி வந்து மதகுருமார்கள் ஆட்சியில் உட்கார்ந்தார்கள். 1990களில் பெர்கரே தான் நினைத்தது தவறு என்று வெளிப்படையாக எழுதினார். அவ்வளவு படித்தவர் ஒப்புக்கொண்டார். இங்கே ஒரு பின்னூட்டத்தைத் திருத்திக்கொள்ள ஆள் இல்லை.

நான் தினமும் பிரார்த்தனை செய்கிறவன். அதை ஒளித்துக்கொள்ள மாட்டேன். மனிதனுக்குச் சாவு இருக்கும்வரை மதம் இருக்கும். மதம் இருக்கும்வரை அது ஆள்கிறவனிடம் "இது நியாயமா?" என்று கேட்கும். அந்த 25 பேர் ருவாண்டா விஷயத்தில் கேட்டது அதைத்தான். கேட்டார்கள் என்பதே எனக்குப் பெருமை. ஜெயித்தார்களா என்பது அடுத்த விஷயம்.

கற்பூரம் எழுதியது:

ஐயா, சொல் விஷயத்தில் குறுக்கிடுகிறேன், மன்னிக்கவும். கத்தோலிக்கர் வழக்கில்தான் ஆயர் என்றால் பிஷப், பேராயர் என்றால் அதற்கு மேலே. தென்னிந்தியத் திருச்சபையில் பிஷப்பையே பேராயர் என்கிறோம். அவர்களுக்கு மேலே இருப்பவர் பிரதமப் பேராயர். இங்கிலாந்துத் திருச்சபையின் வழி வந்தவர்களும் சேர்ந்து உருவானது எங்கள் திருச்சபை. அந்தக் கணக்கில் பார்த்தால் அந்த 26 பேருமே பேராயர்கள்தான். தராசு குழப்பம் வேண்டாமென்று பிஷப் என்றே எழுதியது சரியான காரியம்.

பழைய வாசகர் எழுதியது:

ஐம்பது வருடமாகத் தமிழ் படிக்கிறேன். ஒரே சொல்லுக்கு இரண்டு சபையில் இரண்டு பொருள் என்றால் அதைச் சரிசெய்ய வேண்டுமே தவிர, ஆங்கிலச் சொல்லைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை.

கற்பூரம் எழுதியது:

யார் சபைச் சொல்லை யார் சரிசெய்வது ஐயா? எங்கள் பாட்டன் காலத்திலிருந்து பேராயர்தான். அதை மாற்றச் சொல்ல வெளியாட்களுக்கு உரிமை இல்லை.

குறிஞ்சி எழுதியது:

தராசு "பிறகு வருகிறேன்" என்று சொல்லி நாள் ஒன்றாகிறது. அயர்லாந்து என்ன ஆயிற்று?

தராசு எழுதியது:

வருகிறேன் அம்மா. அயர்லாந்து ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அமெரிக்கா. காலப் நிறுவனக் கணக்கில், ஏதோ ஒரு வழிபாட்டு இடத்தில் உறுப்பினராக இருப்பதாகச் சொன்ன அமெரிக்கர்கள் 1999இல் 70 சதவீதம். 2020இல் 47. எண்பது வருடத்துக்கு மேலாக அவர்கள் கேட்டு வரும் கேள்வி அது, முதல்முறையாகப் பாதிக்குக் கீழே இறங்கியது. பேனாக்காரன் சூத்திரப்படி அதற்குப் பிறகு என்ன நடந்திருக்க வேண்டும்? மதம் ஓரமாகப் போயிருக்க வேண்டும். நடந்தது என்ன? இரண்டே வருடத்தில், 2022 ஜூனில், 1973லிருந்து இருந்த கருக்கலைப்பு உரிமையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தேவாலயத்தில் கூட்டம் குறையக் குறைய, மிச்சம் இருப்பவர்கள் கட்டுக்கோப்பாக ஓட்டுப் போட்டார்கள். வெள்ளையின இவாஞ்சலிக்கர்களில், அதாவது நற்செய்திப் பிரசாரத்தில் தீவிரமான புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களில், பத்தில் எட்டுப் பேர் 2016லும் 2020லும் 2024லும் ஒரே வேட்பாளருக்குப் போட்டார்கள். நீதிபதி நியமனம் யார் கையில் என்பதைத் தெரிந்து போட்ட ஓட்டு அது.

ஒரு அறையில் நூறு பேர் இருந்து நாற்பது பேர் எழுந்து போய்விட்டால், மிச்சம் அறுபது பேர் பேசுவது இன்னும் தெளிவாகக் கேட்கும். எனக்கு இதில் மகிழ்ச்சி ஒன்றும் இல்லை. நான் கோயிலுக்கும் போவதில்லை, தேவாலயத்துக்கும் போவதில்லை. ஆனால் நடக்கப் போவது தெரியாமல் "தானாகப் போய்விடும்" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்வது ஆபத்து என்று பயப்படுகிறேன். உங்கள் அயர்லாந்துப் பெண்கள் தானாகப் போகட்டும் என்று இருக்கவில்லையே, விமானம் ஏறி வந்தார்களே!

அப்புறம், அந்த 26 பற்றி இன்னும் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

குறிஞ்சி எழுதியது:

அமெரிக்கக் கதையின் அடுத்த பக்கத்தையும் படியுங்கள். தீர்ப்பு வந்த இரண்டாவது மாதமே கன்சாஸ் மாநிலத்தில் நேரடி வாக்கெடுப்பு. பழமைவாதிகளின் கோட்டை அது. மாநில அரசமைப்பிலிருந்து கருக்கலைப்பு உரிமையை எடுக்கலாமா என்று கேட்டார்கள். 59 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். நீதிமன்றத்தில் ஜெயித்தது மக்களிடம் தோற்றது. போலந்திலும் அதுதான். 2020 அக்டோபரில் அங்கே தீர்ப்பாயம் கருக்கலைப்பை ஏறக்குறைய முழுவதுமாகத் தடைசெய்தது. திருச்சபைக்கு நெருக்கமான கட்சியின் ஆட்சி. மூன்று வருடம் கழித்துத் தேர்தலில் 74 சதவீதம் பேர் வந்து ஓட்டுப் போட்டு, அந்தக் கட்சியை ஆட்சியைவிட்டு இறக்கினார்கள். பெண்கள் உடம்பில் கை வைத்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டார்கள்.

பேனாக்காரன் எழுதியது:

குறிஞ்சி சொன்னதோடு இதையும் சேருங்கள். துருக்கியில் ஹாகியா சோபியா 1930களிலிருந்து அருங்காட்சியகம். 2020 ஜூலையில் அதை மறுபடி மசூதியாக்கினார் எர்துவான். 2024 மார்ச் உள்ளாட்சித் தேர்தலில் அவர் கட்சி நாடு முழுவதும் இரண்டாம் இடத்துக்குப் போனது. கட்சி தொடங்கியதிலிருந்து அப்படி நடந்ததே இல்லை. விலைவாசி ஏறினால் மினாரைக் காட்டி ஓட்டு வாங்க முடியாது. இந்தியாவில் 2024 ஜனவரியில் ராமர் கோயில் திறப்பு. ஜூனில் அயோத்தி அடங்கிய ஃபைசாபாத் தொகுதியிலேயே ஆளுங்கட்சி தோற்றது.

ஈரான்? அங்கே மதகுருமார்களிடம் எல்லாமே இருக்கிறது. 12 பேர் கொண்ட காவலர் மன்றம் யார் தேர்தலில் நிற்கலாம் என்பதையே முடிவு செய்கிறது. 2024 அதிபர் தேர்தலின் முதல் சுற்றில் ஓட்டுப் போட வந்தவர்கள் சுமார் 40 சதவீதம். புரட்சிக்குப் பிறகு அவ்வளவு குறைவாக எந்த அதிபர் தேர்தலிலும் வந்ததில்லை. மக்களே வராத அதிகாரம் எத்தனை நாள்?

தராசு எழுதியது:

எர்துவான் 2023 மே மாதம் 52 சதவீதம் வாங்கி அதிபரானார். மசூதியாக்கி மூன்று வருடம் கழித்து! அதை விட்டுவிட்டு 2024க்குத் தாவுகிறீர்கள். ஃபைசாபாத்தில் தோற்ற கட்சிதான் கூட்டணியோடு மறுபடி ஆட்சி அமைத்தது, அதையும் விட்டுவிட்டீர்கள். ஈரானில் 40 சதவீதம்தான் வந்தார்கள். ஆட்சி மாறியதா? அந்தக் காவலர் மன்றம் கலைந்ததா?

எண்ணிக்கைக்கும் பலத்துக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு இஸ்ரேலைப் பாருங்கள். மொத்தம் 120 இடம். 2022 தேர்தலில் தீவிர மரபுவாத யூதக் கட்சிகள் இரண்டுக்கும் சேர்த்து 11ம் 7ம் 18 இடம். நெதன்யாகு கூட்டணி 64. அந்த 18ஐ எடுத்துவிட்டால் 46. ஆட்சியே இல்லை. வேத பாடசாலை மாணவர்களுக்குக் கட்டாய ராணுவச் சேவையிலிருந்து விலக்கு 1948இல் சில நூறு பேருக்காக ஆரம்பித்தது. 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் விலக்குக்குச் சட்ட ஆதாரம் இல்லை என்று ஒருமனதாகச் சொன்னது. போர் நடக்கும் நாட்டில், சொந்தப் பிள்ளைகளை எல்லைக்கு அனுப்பிவிட்டு ஒரு பாதி காத்திருக்க, அரசாங்கம் இந்த ஒரு விஷயத்தில் கட்சிகளைச் சமாளிக்க முடியாமல் தவித்தது. 18 இடம்! பிரிட்டனில் 26 இடம்!

இடிமுழக்கம் எழுதியது:

பல நூறு பேர் இருக்கிற சபையில் 26ம், 120 பேர் இருக்கிற சபையில் 18ம் ஒன்றா? கணக்கு வாத்தியார் கேட்டால் காதைத் திருகுவார்.

சரி, உங்கள் பிரியமான 26க்கே வருகிறேன். 2006இல் சாகும் நிலையில் இருக்கும் நோயாளிகள் மருத்துவர் உதவியோடு உயிரை முடித்துக்கொள்ள அனுமதிக்கும் மசோதா பிரபுக்கள் சபையில் வந்தது. திருச்சபை உயிரைக் கொடுத்து எதிர்த்தது. மசோதா 148க்கு 100 என்று தோற்றது. மதம் ஜெயித்தது என்று கொண்டாடினார்கள். 26 பிஷப்பும் வந்து எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர்களைக் கழித்தால் 122. அப்போதும் மசோதா தோற்றிருக்கும். ஆக, அவர்கள் இருந்தாலும் அதே முடிவு, இல்லாவிட்டாலும் அதே முடிவு. இதற்கு மேல் என்ன வேண்டும்?

தராசு எழுதியது:

மீதி 122 பேர் எதைக் கேட்டு எதிர்த்தார்கள்? பிஷப்புகள் ஓட்டுப் போடுவது மட்டும்தான் வேலையா? விவாதத்தைக் கட்டி எழுப்புவதில் அவர்களுக்குப் பங்கே இல்லையா? ஓட்டை மட்டும் எண்ணி, குரலை எண்ணாமல் விடுகிறீர்கள்.

சபையின் எண்ணிக்கை இருக்கட்டும். எல்லா நாளும் எல்லாரும் வருவதில்லை. 252க்கு 237 என்று முடிந்த அந்த நாளில் 15 ஓட்டுதான் வித்தியாசம். அப்படிப்பட்ட நாளில் 26 பெரிதா, சிறிதா?

நடுநிசி எழுதியது:

பாருங்கள், இப்போது "குரல்" வந்துவிட்டது. முதலில் இடம், பிறகு அதிகாரம், பிறகு ஓட்டு, இப்போது குரல். ஆளுக்கொரு பொருளில் "செல்வாக்கு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். மறுபடியும் கேட்கிறேன், எதை அளக்கிறோம்?

பேனாக்காரன் எழுதியது:

உலகக் கணக்கையும் பார்ப்போம். பியூ ஆய்வு மையம் 2015இல் ஒரு கணிப்பு வெளியிட்டது. மதம் சாராதவர்களின் பங்கு 2010இல் 16 சதவீதம், 2050இல் 13 ஆகக் குறையும் என்றது. மதவாதிகள் அதைக் கொடியாகப் பிடித்துக்கொண்டு திரிந்தார்கள். அதே பியூ 2025இல் எண்ணிப் பார்த்து வெளியிட்டது: 2020இல் மதம் சாராதவர்கள் 24 சதவீதம். பத்து வருடத்தில் கூடியிருக்கிறார்கள், குறையவில்லை.

பழைய வாசகர் எழுதியது:

சீனாவை எண்ணும் முறையை மாற்றினார்கள். அதனால்தான் 16 என்பது 23 ஆகி, அங்கிருந்து 24 ஆனது. உண்மையில் கூடியது ஒரு சதவீதம்கூட இல்லை. இதை ஏன் மறைக்கிறீர்கள் தம்பி? பிரேசிலைப் பாருங்கள். கத்தோலிக்கர் 2022 கணக்கெடுப்பில் 57 சதவீதத்துக்குக் குறைந்துவிட்டார்கள் என்று நீங்கள் கை தட்டுவீர்கள். இவாஞ்சலிக்கர் 27 சதவீதமாக ஏறியிருக்கிறார்களே! அங்கே நாடாளுமன்றத்தில் அவர்களுக்கென்று கட்சி தாண்டிய அணியே இருக்கிறது. ஒரு வாசல் வழியாகப் போகிறவர்கள் இன்னொரு வாசல் வழியாக வருகிறார்கள்.

என் அப்பா விடியற்காலை எழுந்து, யார் தூக்கமும் கெடாமல் இருட்டிலேயே உட்கார்ந்து பிரார்த்தனை செய்வார். வாய்கூட அசையாது. விரல் மட்டும் மெல்ல நகரும். தேர்தல் நாளில் யாருக்குப் போட்டேன் என்று கடைசிவரை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. "அது எனக்கும் கடவுளுக்கும்" என்பார். அந்த மனிதரின் ஓட்டில் மதம் இருந்ததா, இல்லையா என்று எந்த ஆய்வு மையம் எண்ணப் போகிறது?

மட்டுறுத்துநர்:

பேராயர் பெயர்ச் சண்டை பற்றி மூன்று புகார் வந்திருக்கிறது. அதைத் தனித் திரியில் வைத்துக்கொள்ளுங்கள். தனிப்பட்ட தாக்குதல் இருந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

கற்பூரம் எழுதியது:

நீக்கியதில் ஒன்று என்னுடையது. அதில் தாக்குதல் எதுவும் இல்லை. எங்கள் திருச்சபை 1947இல் உருவானது என்ற வரலாற்றைத்தான் எழுதினேன். ஐயாவின் பதிவு மட்டும் அப்படியே இருக்கிறது. இது நியாயமில்லை.

தராசு எழுதியது:

ஐரோப்பாவில் பிரிட்டன் மட்டும்தான் என்று யாராவது சொல்லும் முன் இன்னொன்று. அண்டோரா. 1993லிருந்து ஐக்கிய நாடுகள் சபை உறுப்பு நாடு. அதற்கு இரண்டு அரசுத் தலைவர்கள். ஒருவர் பிரான்ஸ் அதிபர். மற்றவர் யார்? ஸ்பெயினில் இருக்கும் உர்ஜெல் மறைமாவட்டத்தின் கத்தோலிக்க பிஷப்! நாற்காலியில் ஒரு மூலை இல்லை, நாட்டின் தலைமையே. அங்கே கருக்கலைப்புக்கு முழுத் தடை. குறிஞ்சி அவர்களே, இதுவும் ஐரோப்பாதான்.

குறிஞ்சி எழுதியது:

ஒரு லட்சம் பேர்கூட இல்லாத நாட்டைக் கொண்டுவந்து அயர்லாந்துக்கும் போலந்துக்கும் எதிரில் நிறுத்துகிறீர்கள். அங்கே இருக்கிற பெண்கள் எல்லை தாண்டித்தான் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கிறது. உங்களுக்கு அது வாதத்தில் ஒரு புள்ளி. எனக்கு அது கோபம். அதுதான் நமக்குள் வித்தியாசம்.

தராசு எழுதியது:

எனக்குக் கோபம் இல்லை என்று யார் சொன்னது? கோபம் இருப்பதால்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன். உங்களை மாதிரி நல்லவர்கள் "இன்னும் முப்பது வருடம்" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கும்போது, அந்தப் பெண் இந்த வாரம் எல்லை தாண்டுகிறாள்.

இடிமுழக்கம் எழுதியது:

பேச்சு நன்றாக இருக்கிறது. 1914 விஷயத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

பேனாக்காரன் எழுதியது:

எனக்கு வேறு வேலை இருக்கிறது. கடைசியாகச் சொல்கிறேன். அந்த 26 இடமும் இன்னும் முப்பது வருடத்தில் இருக்காது. பரம்பரைப் பிரபுக்களின் பெரும்பகுதியை 1999இல் வெளியேற்றினார்கள். அடுத்த கைவைப்பு பிஷப்புகள் மேல்தான். இந்தப் பதிவைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தராசு எழுதியது:

"இருக்காது" என்றால் இன்றைக்கு இருக்கிறது என்று பொருள். போன வாரம் எழுதியது "கிடையாது". அந்த வரியை அந்தத் திரியில் போய்த் திருத்துங்கள். பதினேழு விருப்பம் இப்போது பத்தொன்பது ஆகியிருக்கிறது.

1999இல் 92 பரம்பரைப் பிரபுக்களை மிச்சம் வைத்தார்கள், தற்காலிகம் என்றார்கள். அந்தத் தற்காலிகம் கால் நூற்றாண்டு ஓடியது. அந்த 92க்கே அவ்வளவு நாள் என்றால் இந்த 26க்கு எவ்வளவு நாள்?

பேனாக்காரன் எழுதியது:

திருத்த மாட்டேன். நான் சொன்னது அதிகாரம் உள்ள இடத்தை.

தராசு எழுதியது:

252க்கு 237.